உப்பு மாவு பொம்மைகள்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

மைதா, தூள் உப்பு, தண்ணீர். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மழைநாள் மதியத்தைப் பிள்ளைகளோடு ஓட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். நட்சத்திரம், மீன், யானை, கொலுப் பூங்காவுக்குக் காய்கறிக் கடை, குடிலுக்கு ஆட்டுக்குட்டி என்று ஒரு மணி நேரத்தில் மேசை நிறைந்துவிடும். தொல்லையெல்லாம் அதற்கு அப்புறம்தான். மறுநாள் விரிசல், அடுத்த வாரம் ஈரம், அடுத்த மாதம் வண்ணம் உரிந்து கிடக்கும்.

கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேரும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறைகளில் பிறந்தவை. ஜெர்மனியில் உப்பு மாவில் உருவங்கள் செய்து கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுவது பழகிப்போன வழக்கம். டிசம்பரில் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு கிடக்கும். மேசையில் விட்டுவைத்தாலே பொம்மை காய்ந்துவிடும். நமக்கு டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை இன்னும் விடாத மாதம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் இங்கே வரும் கோளாறுகளைத் துருவிப் பார்த்தால் அநேகமாக அது தண்ணீர் விவகாரமாகத்தான் இருக்கும். அதிகம் ஊற்றியிருப்போம், இல்லை அது அவசரமாக வெளியேறியிருக்கும், இல்லை வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருக்கும், இல்லை போன ஈரம் திரும்பி வந்திருக்கும்.

பிசைவதில் தொடங்கி எடுத்துவைப்பது வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே கோளாறுகளைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறுக்கு நேராகத் தாவிப் போகலாம். அளவைப் பற்றிய பகுதியை மட்டும் எப்படியும் படித்துவிடுங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான் உருவாகிறது.

முதலில் அளவு

2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். கப் என்றால் ஒரே கப்பால் எல்லாவற்றையும் அளப்பது. இதை கிராம் கணக்காக மாற்றி ‘250 கிராம் மைதாவுக்கு 125 கிராம் உப்பு’ என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. உப்பு கனமானது. 240 மில்லி கப்பில் மைதா சுமார் 125 கிராம்தான் நிற்கும், தூள் உப்போ 290 கிராம் வரை போகும். ஆக, சரியான கலவையில் எடைப்படி பார்த்தால் மைதாவைவிட உப்புதான் கூட. உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டால் பொம்மை காய்ந்தும் கல்லாக இறுகாது, நாள்பட பூஞ்சையும் பூச்சியும் தேடி வரும்.

உப்பையும் மைதாவையும் உலர்வாகவே நன்றாகக் கலந்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சப்பாத்தி மாவைவிட ஒரு பிடி கெட்டியாக இருக்க வேண்டும். பத்து நிமிடமாவது அடித்துப் பிசைய வேண்டும். பிசையும் வேலைக்குப் பிள்ளைகளைவிட நல்ல ஆள் கிடையாது. கையில் கீறல், நகச்சுற்று இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் சுரீர் என்று எரியும், அதோடு அன்றைய விளையாட்டு முடிந்தது.

மாவு கையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது

தண்ணீர் அதிகம். ஆனால் உடனே மைதாவை அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி, இரண்டு நிமிடம் பிசைந்து, பிறகு பாருங்கள்.

பிசைந்தபோது சரியாக இருந்த மாவு, அரை மணி கழித்துப் பிசுபிசுத்தால் அது வேறு கதை. மாவில் இருக்கும் உப்பு மைதாவைச் சாவகாசமாகத்தான் தண்ணீர் குடிக்கவிடும். கரையாமல் கிடந்த உப்பும் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் முக்கால் கப் தண்ணீர் போதாது போலத் தோன்றினாலும், பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டுப் பிறகு மிச்சத்தை ஊற்றச் சொல்கிறேன். மிஞ்சிய மாவை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த நாள் எடுத்தாலும் இதே கதிதான், தளர்ந்து நீர்விட்டுக் கிடக்கும். மைதா சேர்த்துத் தேற்றலாம், ஆனால் முதல்நாள் மாவின் இழுவை அதில் இருக்காது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே பிசைவது மேல்.

உதிர்கிறது, உருட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறது

தண்ணீர் குறைவு, அல்லது பிசைந்தது போதாது. பெரும்பாலும் இரண்டாவதுதான். கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசையுங்கள். கிண்ணத்தில் நேரடியாக ஊற்றினால் ஒரு பக்கம் சேறாகவும் மறுபக்கம் பொடியாகவும் நிற்கும்.

‘மைதா உடம்புக்கு ஆகாது’ என்று அரிசி மாவில் செய்து பார்க்கிறவர்களுக்கும் இதே குறை வரும். இது சாப்பிடும் பொருளே இல்லை, ஆகவே அந்தக் கவலை வேண்டாம். மைதாவில் இருக்கும் குளுட்டன்தான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. அரிசி மாவில் அது கிடையாது. கோதுமை மாவில் செய்யலாம், நிறம் மங்கலாக இருக்கும், தவிடு இருப்பதால் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக வரும். யானைக்கும் மரத்துக்கும் அது பொருத்தம்தான்.

மேற்பரப்பு நறநறவென்று இருக்கிறது, காய்ந்த பின் குழி குழியாக இருக்கிறது

கல் உப்புப் போட்டிருப்பீர்கள். ‘வெந்நீரில் கரைத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று ஒரு யோசனை எங்கும் சொல்லப்படுகிறது. அது நடக்காது. 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். கொதிக்கும் நீரிலேகூட 39 கிராம் வரைதான். சர்க்கரையைப் போல உப்பு சூட்டுக்கு மசியாது. முக்கால் கப் தண்ணீர், அதாவது 180 மில்லி, 65 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். மீதமிருக்கும் 200 கிராமுக்கு மேல் உப்பு மாவுக்குள் மணலாகவேதான் இருக்கப்போகிறது. அந்த மணல் எவ்வளவு நைஸோ அவ்வளவு வழவழப்பு. பாக்கெட் தூள் உப்பு வாங்குங்கள். வீட்டில் கல் உப்புதான் இருக்கிறது என்றால் ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் பொடித்துச் சலித்துப் போடுங்கள்.

வெந்நீருக்கு ஒரு பயன் உண்டு. மாவு சீக்கிரம் இளகும், சின்னக் கைகளுக்குப் பிசைய எளிது. அவ்வளவுதான்.

அச்சில் வெட்டினேன், நட்சத்திரம் உருண்டைப் பந்தாகிறது

மாவு சுருங்கி இழுக்கிறது. பிசைந்த கையோடு தேய்த்து வெட்டினால் அப்படித்தான். ஈரத்துணி போட்டு அரை மணி ஓய்வு கொடுத்துவிட்டுத் தேயுங்கள். இன்னொன்று, வெட்டியபின் வடிவத்தைத் தூக்காதீர்கள். பட்டர் பேப்பர் மேல் தேய்த்து, அங்கேயே வெட்டி, சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் எடுத்துவிடுங்கள். நட்சத்திரத்தின் முனையைப் பிடித்துத் தூக்கியதால் நீண்டுபோன கால்களைத்தான் பலரும் ‘அச்சு சரியில்லை’ என்கிறார்கள்.

ஒட்டிய காது விழுந்துவிட்டது

உலர்ந்த மாவின் மேல் உலர்ந்த மாவு ஒட்டாது. ஒட்டும் இரண்டு இடத்தையும் பல்குத்தும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கொஞ்சம் மாவைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி அழுத்துங்கள். யானையின் காது, முயலின் வால், ரோஜா இதழ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். காய்ந்த பிறகு விழுந்திருந்தால் ஃபெவிகால் போதும்.

ஆட்டுக்குட்டிக்கு ரோமம் வைக்க இடியாப்ப அச்சு அருமையான கருவி. மாவை நாழியில் போட்டு, அரை அங்குல நீளத்துக்குப் பிழிந்து, கத்தியால் நறுக்கி அப்படியே உடம்பில் ஒட்டலாம். டீ வடிகட்டியில் மாவை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் குடிலுக்குப் புல் கிடைக்கும். நாழி பித்தளையோ அலுமினியமோ என்றால் வேலை முடிந்த நிமிடமே கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பு மாவோடு இரவெல்லாம் கிடந்தால் அரித்துப் பச்சையோ கறுப்போ பிடித்துவிடும், மறுநாள் இடியாப்பத்துக்கு நீங்கள் வேறு நாழி தேட வேண்டியிருக்கும்.

கண்ணுக்கு மிளகும் கடுகும், ஆரஞ்சுப் பழத்துக்குக் காம்பாகக் கிராம்பும் வைப்பது அழகு. மாவு காய்ந்து சுருங்கும்போது மிளகு கழன்று விழலாம். விழுந்த குழியில் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்துத் திருப்பிப் பொருத்துங்கள். பருப்பு வகைகளை வைக்காதீர்கள், வண்டு வரும்.

காயும்போது விரிசல் விடுகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். காரணம் ஒன்று: வெளிப்புறம் உள்ளேயிருப்பதைவிட வேகமாகக் காய்ந்துவிட்டது. காய்ந்த தோல் சுருங்கும், உள்ளே ஈரமான சதை சுருங்காது, எங்காவது பிளந்துதானே ஆக வேண்டும். விரிசல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எதனால் என்பதும் தெரிந்துவிடும்.

மேற்பரப்பு முழுக்க வலைப்பின்னலாக மெல்லிய கோடுகள் என்றால் சூடு அதிகம். உச்சி வெயிலில் நேராக வைத்திருப்பீர்கள், அல்லது ஓவனை 150 டிகிரியில் விட்டிருப்பீர்கள். ஒரே இடத்தில் ஆழமான ஒரு பிளவு என்றால், அங்கே மாவை மடித்து உருட்டியபோது உள்ளே மடிப்பு நின்றிருக்கிறது. கழுத்து, காது, வால் சேரும் இடத்தில் பிளந்தால் கனத்தில் வித்தியாசம்: மெல்லிய வால் முதலில் காய்ந்து, தடித்த உடம்பைப் பிடித்து இழுத்திருக்கிறது.

ஆகவே தட்டையான பொம்மை அரை சென்டிமீட்டர் கனம், அதற்கு மேல் வேண்டாம். நிற்கும் யானை, பிள்ளையார் என்று பருமனாகச் செய்ய ஆசைப்பட்டால் உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக வைத்து, அதன் மேல் மாவைப் போர்த்துங்கள். மாவின் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும், சீக்கிரமும் காயும். செய்தித்தாளை உருட்டி வைத்தால் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு நாள்கணக்காக விடாது.

வெயிலில் காயவைப்பதானால் முதல் நாள் நிழலில், மெல்லிய துணி போர்த்தி. இரண்டாம் நாளிலிருந்து காலை வெயில். வடாம் போட்டுப் பழகிய வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆனால் வடாமை மாடியிலேயே இரவு விட்டுவைப்பதுபோல இதை விட முடியாது. பகலில் போன ஈரத்தை இரவுப் பனியில் உப்பு திரும்பக் குடித்துவிடும். பொழுது சாயும் முன் எடுத்து உள்ளே வையுங்கள்.

விழுந்த விரிசலை அடைக்க, மிச்ச மாவில் கொஞ்சம் ஃபெவிகாலும் சில சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பசையாகக் குழையுங்கள். விரிசலை ஈரத் தூரிகையால் தொட்டு, பசையை உள்ளே அழுத்தி, மேலே வழித்துவிடுங்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். பிறகு நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் தடம் தெரியாது. பிள்ளைகளுக்கு இந்த ரிப்பேர் வேலையில் செய்வதைவிட அதிக உற்சாகம் வந்துவிடும். தேய்க்கும்போது பறக்கும் தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரங்கள் மேலே வளைந்துவிட்டன

மேல்பக்கம் காய்ந்தது, தட்டில் ஒட்டியிருந்த அடிப்பக்கம் காயவில்லை. காய்ந்த பக்கம் சுருங்கி ஓரத்தைத் தூக்கிவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தாலும் இதுதான் நடக்கும். கம்பி வலைத் தட்டில் வையுங்கள், அரை நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பாதி காய்ந்த நிலையில் வளைவைக் கண்டுவிட்டால் இரண்டு தாள்களுக்கு இடையே வைத்து மேலே ஒரு கனமான புத்தகம். முழுக்கக் காய்ந்து வளைந்ததை நிமிர்த்தப் போனால் ஒடியும். அதை மீனாகவோ இலையாகவோ வண்ணம் தீட்டிவிடுங்கள்.

ஓவனில் உப்பிவிட்டது, பழுப்பாகிவிட்டது

சூடு அதிகம். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மாவை ஊதிவிடுகிறது. 90 முதல் 100 டிகிரி செல்சியஸில், அரை சென்டிமீட்டர் கனத்துக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. இதுதான் பாதுகாப்பான கணக்கு. நம் வீட்டு ஓடிஜிகள் பலவற்றில் குமிழ் 100 டிகிரியில்தான் ஆரம்பிக்கிறது, சின்னப் பெட்டி என்பதால் கம்பிக்கு அருகில் உண்மைச் சூடு இன்னும் கூடவே இருக்கும். கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, நடுத்தட்டில் வைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள். ஆவி வெளியேறும், சூடும் தணியும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மைக்ரோவேவில் சீக்கிரம் ஆகிவிடும் என்பார்கள். ஆகும், கொப்புளத்தோடு. அவசரம் என்றால் மிகக் குறைந்த பவரில் அரை நிமிடம், திறந்து ஆறவிட்டு, மறுபடி அரை நிமிடம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பழுப்பு நிறம் கெடுதல் இல்லை. ரொட்டி நிறத்தில் வந்த நட்சத்திரத்துக்கு வண்ணமே வேண்டாம், அப்படியே மாட்டலாம்.

நாள்கணக்காகிவிட்டது, காய்ந்ததா இல்லையா தெரியவில்லை

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்தோல் முதல் நாளே கெட்டியாகிவிடும். மூன்று சோதனைகள் உண்டு.

புறங்கையில் அல்லது கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டக்’ என்று கேட்கும், காயாதது ‘தொப்’ என்று அடங்கும். முதுகுப் பக்கத்தைத் திருப்பி நிறம் பாருங்கள். நடுவில் மட்டும் மங்கலான, சற்று சாம்பல் பூத்த வட்டம் தெரிந்தால் அங்கே ஈரம் நிற்கிறது.

சமையல் தராசு இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவின் எடையில் ஏறக்குறைய கால்வாசி தண்ணீர். 40 கிராம் இருந்த நட்சத்திரம் 30 கிராமுக்கு வர வேண்டும். செய்த அன்று எடையைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்து, தினமும் காலையில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. பள்ளியில் ஆவியாதல் பாடம் நடத்தாத வகுப்புப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்: “10 கிராம் எங்கே போச்சு?” என்ற கேள்வி தானாக வரும்.

அடைமழை நாட்களில் வெயிலை நம்பிப் பயனில்லை. ஓவன் இல்லாதவர்கள் அரிசி மூட்டையிலோ ஃப்ரிட்ஜின் மேலோ வைத்துப் பார்ப்பதைவிட, ஏசி அறையில் கம்பித் தட்டில் வைப்பது நல்ல பலன் தரும். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுகிறதல்லவா.

கையச்சு சரியாகப் பதியவில்லை

கைக்குழந்தையின் கையை மாவில் பதித்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நிறைய. குழந்தை விழித்திருக்கும்போது செய்தால் சில்லென்ற மாவைத் தொட்டதும் முஷ்டியை மடக்கிக்கொள்ளும், ஒரு பிடி மாவு வாய்க்கும் போகும். நன்றாகத் தூங்கும்போது செய்யுங்கள். மாவு அறையின் சூட்டில் இருக்கட்டும், கனம் ஒரு சென்டிமீட்டர். முதலில் உள்ளங்கையை அழுத்திவிட்டு, பிறகு ஒவ்வொரு விரலாக உங்கள் விரலால் அமுக்குங்கள். உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விரல் பதிந்த இடம் மெலிந்திருக்கும், அங்கேதான் முதலில் ஒடியும். இதை மட்டும் வெயிலில் வைக்காமல் முழுக்க நிழலில், பொறுமையாகக் காயவிடுவது நல்லது.

மாட்டுவதற்குத் துளை மூடிக்கொண்டது, அல்லது போடவே மறந்துவிட்டது

காயும்முன் ஸ்ட்ராவால் குத்தி எடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே. மறந்துவிட்டால், முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிய துளையிடும் அலகை விரலாலேயே மெதுவாகத் திருகித் துளைக்கலாம். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் இரண்டாகப் பிளக்கும்.

ஜெம் கிளிப்பை, கம்பியை மாவில் செருகி வளையம் ஆக்குவது பார்க்கச் சுலபம். உப்புக்குள் இருக்கும் இரும்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் வளையத்தைச் சுற்றி காவி நிறத்தில் கறை இறங்கியிருக்கும். செம்புக் கம்பி என்றால் பச்சைக் கறை. நூலோ ரிப்பனோதான் சரி.

வண்ணம் அடித்த பின் வெள்ளையாகப் பூக்கிறது

சுவரில் உப்புப் பூப்பதும் இதுவும் ஒன்றேதான். உள்ளே மிச்சமிருந்த ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் போய்விடும், உப்பு வெள்ளைப் படலமாக நின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தால் அந்த நிமிடம் மறையும், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாகப் பூக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து உதிர்த்துவிட்டு, பொம்மையை மறுபடி நன்றாகக் காயவையுங்கள்.

பிள்ளைகளின் போஸ்டர் கலரும் வாட்டர் கலரும் இதைத் தூண்டிவிடும். அவற்றில் இருக்கும் தண்ணீரை உப்பு உறிஞ்சிக்கொள்ளும், வண்ணமும் திட்டுத்திட்டாக நிற்கும். அக்ரிலிக் வண்ணத்தை அதிகம் தண்ணீர் கலக்காமல், மெல்லியதாக இரண்டு பூச்சு அடியுங்கள். முதலில் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் மேலே அடிக்கும் நிறம் பளிச்சென்று தெரியும்.

மாவிலேயே நிறம் சேர்க்கலாம். காபி டிகாக்ஷன் நல்ல மரநிறம் தரும். மஞ்சள்தூள் அன்றைக்கு அழகாக இருக்கும், ஜன்னலோரம் மாட்டினால் வெயிலில் வெளிறிப்போகும். பீட்ரூட் சாறு ஓவன் சூட்டில் பழுப்பாகிவிடும்.

மழைக்காலத்தில் வியர்க்கிறது, நமத்துப்போகிறது

ஐப்பசி பிறந்ததும் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோரத்தில் மழை மாதங்களில் இரவு நேர ஈரப்பதம் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுகிறது. பாதிக்கு மேல் உப்பாலான பொம்மை மட்டும் எப்படித் தப்பும்? முதலில் அடிப்பக்கம் பிசுபிசுக்கும். அப்புறம் முனைகளில் சின்னச் சின்ன நீர்முத்துகள். அதையும் கவனிக்காவிட்டால் நூல் போட்ட துளை மெல்லக் கிழிந்து, ஒரு நாள் காலையில் நட்சத்திரம் தரையில் கிடக்கும்.

சுத்திகரிக்காத உப்பில் இது இன்னும் மோசம். உப்பளத்திலிருந்து நேராக வரும் உப்பில் மெக்னீசிய குளோரைடு கலந்திருக்கும். அது காற்று ஓரளவு வறண்டிருக்கும்போதே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். இதற்காகவும் பாக்கெட் தூள் உப்பையே சொல்கிறேன்.

வழி ஒன்றுதான். முழுக்கக் காயவைத்து, முழுக்க மூடிவிட வேண்டும். முழுக்க என்றால் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, துளையின் உட்சுவர். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால் ஈரம் அந்த வழியாகவே நுழையும். தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூச்சு பளபளப்பாகத் தெரியும், ஆனால் மழைக்காலத்தில் அது பால்நிறமாக மாறிப் பிசுபிசுக்கும். வீட்டுக்குள் ஒரு வாரம் மாட்டிவிட்டு எடுத்துவைப்பதற்கு அது போதும். வருடக்கணக்கில் வேண்டுமென்றால் பெயின்ட் கடையில் கிடைக்கும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி. இது பெரியவர்கள் மொட்டைமாடியில், காற்றோட்டத்தில் செய்ய வேண்டிய வேலை. சின்னச் சின்னப் பொம்மைகளுக்கு நிறமற்ற நெயில் பாலிஷே போதும்.

காயாத பொம்மைக்கு வார்னிஷ் அடிப்பது, அடிக்காமல் விடுவதைவிட மோசம். ஈரம் உள்ளே சிறைப்பட்டு, சில வாரத்தில் பூச்சு கொப்புளித்து உரியும். அதற்குத்தான் எடை பார்க்கச் சொன்னது.

ஏற்கெனவே வியர்த்துவிட்டதா? வண்ணம் கலையவில்லை என்றால் 60, 70 டிகிரிச் சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம். குமிழ் அவ்வளவு கீழே போகாவிட்டால் ஐந்து நிமிடம் சூடாக்கி அணைத்துவிட்டு, மூடிய ஓவனுக்குள் வைத்துவிடுங்கள், ஆறியதும் இன்னொரு முறை. வெயில் வந்தால் ஒரு பகல் வெயில். பிறகு இரண்டு பக்கமும் பூச்சு. எடுத்துவைக்கும்போது டிஷ்யூ தாளில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில், புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது உள்ளே வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நான்கைந்து போட்டு வையுங்கள். அந்தப் பொட்டலம் சின்னப் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

கரும்புள்ளி, பூச்சி

கரும்புள்ளி பூஞ்சை. உள்ளே ஈரம் நின்றிருக்கிறது அல்லது உப்பு குறைவு. தேய்த்து எடுத்தாலும் திரும்ப வரும், தூக்கிப்போட்டுவிடுங்கள். கரப்பானும் எலியும் உப்புக்குப் பயப்படாமல் மாவைக் கொறித்துப் பார்க்கும். வார்னிஷ் அடித்ததை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அகல் விளக்கு செய்யலாமா?

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கார்த்திகை நேரமென்றால் இன்னும் பலமாக. செய்யலாம், ஏற்றக் கூடாது. எண்ணெய் மாவுக்குள் ஊறும், திரி அருகே மாவே தீப்பிடித்துக் கருகும். வார்னிஷ் அடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை உள்ளே வைத்துக்கொள்ளட்டும்.

வாயில் போட்டுக்கொண்டது

நக்கிப் பார்த்தால் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். விழுங்கினால்தான் கவலை. எலுமிச்சை அளவு பச்சை மாவில் ஏறக்குறைய 15 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை ஒரு உருண்டையை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதிகத் தாகம், வாந்தி, அசதி தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழைய வைத்தியம் இங்கே நேர் எதிராக வேலை செய்யும்.

நாய் வளர்க்கும் வீட்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகள் துப்புவதை நாய் துப்பாது, மாவு வாசனைக்கு முழுசாக விழுங்கிவிடும். இரத்தத்தில் உப்பு ஏறி வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும், உயிரும் போகலாம். தின்றுவிட்டதென்றால் உடனே கால்நடை மருத்துவர். காயவைக்கும் தட்டை நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள், மரத்தில் மாட்டுவதானால் மேல் கிளைகளில்.

கழித்துக்கட்டும்போதும் இதே கவனம் வேண்டும். உரக்குழியில் போட்டால் உப்பு மண்ணைக் கெடுக்கும், பூந்தொட்டியில் போட்டால் செடி பட்டுப்போகும். தெருவில் வீசினால் நாயும் மாடும் தின்னும். பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். மிச்சப் பச்சை மாவைச் சிங்க்கில் கரைத்து ஊற்ற வேண்டாம், குழாயில் போய் இறுகிக்கொள்ளும்.